மருந்துத் தொட்டியில் நனையாத அச்சு

பாதத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று நான் பீற்றிக்கொள்வதுண்டு. செருப்பு தேய்ந்திருக்கும் பக்கத்தை வைத்து, இவர் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வருகிறவர், இவர் தறியோரம் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்கிறவர் என்று சொல்வேன். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். சேலத்தில் பதினெட்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. எலும்பு டாக்டர்கள் சீட்டு எழுதி அனுப்புவார்கள். நான் பாதத்துக்கு அச்சு எடுத்து, அந்த ஒரு பாதத்துக்கு மட்டும் பொருந்துகிற இன்சோலைச் செய்து செருப்புக்குள் வைத்துக் கொடுப்பேன். என் அத்தா செருப்புக்கடை வைத்திருந்தவர். 'ரிஹானா அவ்வளவு படிச்சுட்டு வந்து திரும்பவும் செருப்பைத்தான் கட்டிக்கிட்டு அழுவுறா' என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு முழங்கால் வலி வந்தால் என்னிடம்தான் வருகிறார்கள்.

சாலம்மாள் விஷயத்தில் மட்டும் நான் பாதத்தைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அவர் முதல்முதலாக வந்தது போன வருஷம் ஐப்பசியில். பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பத்தெட்டு வயது. முட்டைக்கோழிப் பண்ணை ஒன்றில் பதினோரு வருஷமாக முட்டை எடுக்கிற வேலை. கணவர் மாதையன் போர்வெல் வண்டியோடு வடக்கே போனால் ஆறு மாதம் கழித்துத்தான் முகம் காட்டுவார். மகள் கோகிலவாணி கரூரில் நர்சிங் படிக்கிறாள். பண்ணைக்குள் மூன்று ஷெட்டுகள், ஒவ்வொன்றிலும் நீள நீளமாகக் கூண்டு வரிசைகள். அவற்றுக்கு நடுவே சிமெண்டுத் தரையில் தள்ளுவண்டியோடு காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று. அத்தனையும் நடைதான்.

"காலைல எந்திரிச்சு மொத அடி வெக்கறப்ப, குதிகால்ல ஆணி அடிச்சாப்பல இருக்குதுங்க. பத்தடி நடந்தா கொஞ்சம் தேவலாமுங்க. மத்தியானத்துக்கு மேல முழங்காலு, இடுப்பு எல்லாம் போட்டுக் கடையுது," என்றார்.

மூன்று வருஷமாக மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையிலேயே ஓட்டியிருக்கிறார். வயிறு புண்ணான பிறகுதான் டாக்டரிடம் போயிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு நன்றாகத் திட்டினேன். ஆனால் அவருடைய பயம் வேறு. நடக்க முடியாதவருக்குப் பண்ணையில் இடமில்லை. முந்தின வருஷம் மூட்டு வீங்கிய ஒருத்தியை, மேனேஜர் குருமூர்த்தி கூப்பிட்டு, 'ஊட்ல இருந்து நல்லா ரெஸ்ட் எடுங்க' என்று மரியாதையாகவே அனுப்பிவிட்டாராம். அந்த மரியாதைக்குத்தான் சாலம்மாள் பயந்தார்.

நாற்காலியில் உட்காரவைத்து, நுரைப்பெட்டியில் அவர் காலை வைத்து, முழங்காலைப் பிடித்து மெதுவாக அமுக்கினேன். நுரை உள்ளே இறங்கி, பாதம் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிந்துகொண்டது. இடது கால் வளைவு முழுக்கத் தாழ்ந்து போயிருந்தது. பாதம் உள்பக்கம் சாய்கிறது, அதோடு கணுக்கால் சாய்கிறது, முழங்கால் முறுக்கிக்கொள்கிறது, வலி இடுப்புவரை ஏறுகிறது. மாத்திரை வலியை மறைக்கும், பாரத்தை மாற்றாது. இன்சோல் தாழ்ந்த வளைவைத் தாங்கும், குதிகாலைக் கிண்ணம்போல் பிடித்துக்கொள்ளும், ஒரே இடத்தில் விழுகிற பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும். குதிகாலிலிருந்து விரல்களுக்குப் போகிற அந்தத் தசைநார் ஓயாமல் இழுபடுவது நின்றால், ஆறேழு வாரத்தில் தானாக ஆறத் தொடங்கும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஆனால் நிற்கிற நேரமெல்லாம் அது காலுக்கடியில் இருக்க வேண்டும்.

இருபது நாளில் செய்து கொடுத்தேன். பின்னால் வார் வைத்த செருப்புக்குள் பொருத்தி, நடக்கச் சொல்லிப் பார்த்து, இரண்டு இடத்தில் சீவி எடுத்தேன். முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு வாரத்தில் முழு நாளும் போட வேண்டும் என்றேன். கெண்டைக்கால் நரம்பை நீட்டுகிற பயிற்சியும் சொல்லிக் கொடுத்தேன். மேலே ஒட்டியிருக்கும் மெத்தை உரிந்துவிடும் என்பதால், கடைசியில் எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன்.

"தண்ணில ஊறப் போடாதீங்க. ஈரத்துணியால துடைச்சுட்டு, செருப்புல இருந்து எடுத்து ராத்திரி காத்தாட வைங்க."

"மருந்துத் தண்ணி பட்டாலும் கெட்டுப் போயிருமுங்களா?" என்று கேட்டார்.

வீட்டுத் தரை கழுவுகிற மருந்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "எந்த மருந்தும் படக்கூடாதுக்கா," என்றேன். அவர் ஏதோ கேட்க வாயெடுத்து, பிறகு இன்சோலைத் துணிப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அவர் அதை அச்சு என்றுதான் சொல்வார். எனக்கு வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள்.

தை மாதம் திரும்ப வந்தார். காலை வலி குறைந்திருக்கிறது, பஸ்ஸுக்கு நடக்கும்போது தேவலை, ஆனால் மதியத்துக்கு மேல் பழைய கதைதான் என்றார். நான் இன்சோலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எட்டு மணி நேரம் பாரம் சுமந்த பொருள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அரைமணி நேரம் பஸ்ஸில் போய்வந்த பொருள். குதிகால் குழிகூடச் சரியாக விழவில்லை.

"இதைப் பீரோவுல வெச்சுப் பூட்டவா நான் செஞ்சேன்? வேலையில போடலைன்னா எதுக்கு இது? போடாதவங்களுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சாலம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே வேலையிலயும் போட்டுக்கறனுங்க," என்றார்.

எனக்குத் திருப்தியாகிவிட்டது. இத்தனை நாள் ஏன் போடவில்லை என்று நான் கேட்கவேயில்லை.

காரணத்தை அவர் பங்குனியில் சொன்னார். பண்ணைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியில் போட்ட செருப்பு உள்ளே போகக் கூடாது. கேட்டுக்கு வெளியே இருக்கும் தகர அலமாரியில் கழற்றி வைத்துவிட்டு, மருந்துத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் கால் நனைத்து, அந்தப் பக்கம் ஏறிப் பண்ணையின் ரப்பர் ஷூவை மாட்டிக்கொள்ள வேண்டும். கோழிக்கு வரும் நோய் பாதிக்கு மேல் மனிதன் காலில்தான் வருகிறது. அதே காரணத்துக்காக, பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கவும் கூடாது. சாலம்மாள் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே தன் கோழிகளைப் பிடித்துத் தங்கைக்குக் கொடுத்துவிட்டவர். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட கால் நனைக்காமல் அந்தத் தொட்டியைத் தாண்டியவரில்லை. மேனேஜரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளலாமே என்றால், கேட்டால் கால் வலி தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த மரியாதை வரும்.

நான் கத்திய மறுநாள் காலை, அவர் அச்சு இரண்டையும் செருப்பிலிருந்து உருவி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பைக்குள் சோற்றுப் போசிக்கு அடியில் வைத்துக்கொண்டார். பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொட்டியில் கால் நனைத்தார். மருந்து படக்கூடாது என்று நான்தானே சொல்லியிருந்தேன். தீவன மூட்டைகளுக்குப் பின்னால் போய் ரப்பர் ஷூவுக்குள் அச்சை வைத்து மாட்டினார். கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது, அவ்வளவு துக்கத்திலும் சாலம்மாள் முகம் மலர்ந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கூண்டுக் கம்பியைப் பிடிக்காமல் மூன்று ஷெட்டும் சுற்றியிருக்கிறார். மூன்றாவது வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார். கூட வேலை செய்யும் பெருமாயி, தண்ணீர்க் குழாய்களைக் கழுவுகிறவர், அறுபதை நெருங்குகிறவர், நின்று வேடிக்கை பார்த்தாராம்.

"என்ன சாலா, கல்யாணப் பொண்ணாட்ட நடக்கறே? மாதையன் வந்துட்டானா?"

சாலம்மாள் சிரித்து மழுப்பியிருக்கிறார். பெருமாயியின் வீட்டில் நாலு நாட்டுக்கோழி இருப்பது பண்ணையில் குருமூர்த்தியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கிழவிக்கு அந்த நாலு கோழிதான் பேச்சுத்துணை என்று யாரும் காட்டிக்கொடுப்பதில்லை. அந்தப் பெருமாயியிடம்கூடத் தன் ரகசியத்தைச் சொல்லச் சாலம்மாளுக்குப் பயம்.

நான் சொன்னபடியே ராத்திரி அச்சை எடுத்து, வாசல் திட்டில் காற்றாட வைப்பது அவர் வழக்கமாயிற்று. மாசி மாதம் ஒரு காலையில் இடது கால் அச்சின்மேல் கோழி எச்சம் இருந்தது. அடுத்த வீட்டுக் கோழிகள் ராத்திரியில் அந்தத் திட்டில்தான் ஒண்டும். வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீராக இருந்ததாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முந்தானையில் துடைத்துக் கவரில் போட்டுக்கொண்டு ஓடினார்.

இரண்டு நாள் கழித்து அடுத்த வீட்டுச் சேவல் கழுத்தைத் திருகிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது. அந்த வாரத்துக்குள் ஆறு கோழியும் போயின. வெயிலுக்குச் செத்துவிட்டன என்று அந்த வீட்டார் வாழைத்தோட்டத்து ஓரத்தில் புதைத்தார்கள். சாலம்மாள் அதைத் தன் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அப்போதும் அவர் அச்சை நினைக்கவில்லை. நினைக்காமலா இருந்தேன், மனசை நினைக்க விடாமல் இருந்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

முதலில் வந்தது தோல் முட்டை. இரண்டாம் நம்பர் ஷெட்டில், மூன்றாவது வரிசையில், ஓடு இல்லாமல் வெறும் தோலோடு ஐந்து முட்டைகள். எப்போதாவது ஒன்று வருவது உண்டு. ஐந்து வந்ததில்லை. மறுநாள் அதே வரிசையில் ஒரு முட்டை அட்டை நிறைய வந்தது. குருமூர்த்தி தீவனத்தைச் சந்தேகப்பட்டார். தீவனம் மாற்றினார்கள். அதற்கடுத்த நாள் சாலம்மாள் ஷெட்டுக்குள் நுழைந்தபோது, எதுவோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. என்ன என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"சத்தங் கொறஞ்சு போச்சுங்க. பத்தாயிரங் கோழி கத்துற எடமுங்க அது. நாம பேசறது நமக்கே கேக்காது. அன்னிக்கு நான் நடக்கற சத்தம் எனக்குக் கேட்டுதுங்க," என்றார்.

வரிசை நெடுகக் கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றிரண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு மேலே பார்த்தன. அடுத்த வீட்டுச் சேவல் பார்த்த அதே பார்வை. சாலம்மாள் தள்ளுவண்டியை அங்கேயே விட்டுவிட்டு, தீவன மூட்டைகளுக்குப் பின்னால் போய், ஷூவுக்குள்ளிருந்து அச்சை உருவிக் கவரில் போட்டார். அவசரத்தில் இரண்டு தடவை கீழே விழுந்ததாம்.

கால்நடை டாக்டர் வந்து செத்த கோழியை அறுத்துப் பார்த்து வெள்ளைக்கழிச்சல் நோய் என்றார். தடுப்பூசி போட்டிருந்தும் வந்துவிட்டது. பத்து நாளில் இரண்டாம் நம்பர் ஷெட்டில் பாதிக்கு மேல் போயிற்று. மிச்சத்தையும் கொன்று குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். இத்தனை நாளும் சாலம்மாள் அச்சு இல்லாமல், செத்த கோழிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு நடந்தார். குதிகால் உயிர் போகிற மாதிரி வலித்ததை, வேண்டும் எனக்கு என்று நினைத்துக்கொண்டு பொறுத்திருக்கிறார்.

பிறகு விசாரணை. குருமூர்த்தி எல்லோரையும் மரத்தடியில் நிற்கவைத்து, யார் வீட்டில் கோழி இருக்கிறது என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. மறுநாள் அவரே ஆளை அனுப்பி ஒவ்வொரு வீடாகப் பார்க்கச் சொன்னார். பெருமாயியின் நாலு கோழிகள் அகப்பட்டன. நாலும் கொழுகொழுவென்று, வாசலில் கொத்திக்கொண்டிருந்தன. நோய் கொண்டுவந்த வீட்டில் கோழி எப்படி நன்றாக இருக்கும் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒருவர் வாயைத் திறக்கவில்லை. பெருமாயியிடம் மரியாதையாகக்கூடப் பேசவில்லை. கேட்டுக்கு வெளியே அவர் செருப்பை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு நாலாம் நாள்தான் சாலம்மாள் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். இடது காலைத் தரையில் ஊன்றவே முடியவில்லை. பழைய தினசரித் தாளில் சுற்றிய அச்சுகளை மேஜையில் வைத்தார்.

"இத நீங்களே எடுத்துக்கங்க கண்ணு. எனக்கு வேண்டாம்."

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார். "இதுல ஒட்டிக்கிட்டுப் போயிருக்குமுங்களா?"

எனக்குப் பதில் தெரியும். தெரிந்த பதிலைச் சொல்ல வாய் வராமல், கோபம்தான் வந்தது. "கேட்டுல கழட்டணும்னு ஏன்க்கா எங்கிட்ட மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே," என்றார். குற்றம் சொல்கிற குரலில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

நான் என்னென்னவோ சொன்னேன். முட்டை அட்டைகள் பண்ணை பண்ணையாகச் சுற்றுகின்றன, தீவன லாரி வருகிறது, காக்கை வருகிறது, எதில் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. எல்லாம் உண்மைதான். அந்த உண்மைகளுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன் என்று சாலம்மாள் சொன்னபோது, "வேண்டாம்க்கா, யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க," என்றேன். அவருக்காகச் சொன்னதாக அப்போது நினைத்துக்கொண்டேன். அச்சு எங்கே செய்தது, யார் சொல்லி உள்ளே போட்டாய் என்று அடுத்த கேள்வி வரும் என்பது எனக்குத் தெரியாமலில்லை.

அவர் அழுதார். ஆனால் நான் சொன்னதைக் கேட்டார்.

பிறகு நான் செய்ததைக் கேட்டால் உங்களுக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும். பெருமாயிக்காக ஒன்றும் செய்யாமல், நுரைப்பெட்டியில் எடுத்த பழைய அளவை வைத்துச் சாலம்மாளுக்கு இரண்டாவது ஜோடி செய்தேன். இதில் மேல்மெத்தை கிடையாது, தண்ணீர் இழுக்காது, மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்கலாம். இந்த ஜோடி பண்ணைக்குள்ளேயே ரப்பர் ஷூவில் இருக்கட்டும், வெளியே வரவே வேண்டாம் என்றேன். எலும்பு டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கிக் கொடுத்தேன். குருமூர்த்தி அதைப் படித்துவிட்டு, "இதுக்கு என்னங்க, தாராளமா வெச்சுக்கங்க. மொதல்லயே கேட்டிருந்தா குடுத்திருப்பமே," என்றாராம். சாலம்மாள் அதை ஃபோனில் சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டார்.

ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, காலியாகப் போட்டு, ஆனியில் புதுக் கோழிகளை இறக்கினார்கள். சாலம்மாள் நடக்கிறார். வலி இல்லை. அச்சு அதன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

போன வாரம் ஒரு அம்மா எலும்பு டாக்டர் சீட்டோடு வந்தார். இரண்டு குதிகாலிலும் வலி. சீட்டில் பெருமாயி என்று எழுதியிருந்தது. அதை இன்னொரு தடவை படித்தேன்.

"சாலாதானுங்க சாமி அனுப்பிச்சா. டாக்டர்கிட்டக் கூட்டியாந்ததும் அவதான். வெளிய நிக்கறா, உள்ள வரமாட்டேங்கறா. தங்கமான புள்ளைங்க," என்றார்.

நான் நுரைப்பெட்டியை எடுத்துக் கீழே வைத்து, அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் நான் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன். "வேலைக்குப் போற எடத்துல செருப்பை எங்கம்மா கழட்டுவீங்க?"

பெருமாயி சிரித்தார். "இப்ப எங்கயுங் கழட்ட வேண்டியதில்லீங்க. எந்தப் பண்ணைக் கேட்டுக்குள்ள என்னைய உடறாங்க? எல்லாப் பக்கமும் சொல்லி வெச்சுட்டாங்களே."

நான் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். அமுக்க வேண்டும், கை அமுக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "அம்மா, சாலம்மாக்கா பத்தி..."

"தெரியுமுங்க சாமி," என்றார், குரலைத் தாழ்த்தி. "போசிக்கு அடியில என்னமோ சுத்திக் கொண்டாந்து, மூட்டைக்குப் பொறத்தால போயி ஷூவுல வெச்சா. மொத நாளே பாத்தனுங்க. காலு வலி, பாவம், போட்டுக்கட்டும்னு இருந்துட்டேன். அன்னிக்கு மரத்தடியில அவ மூஞ்சியப் பாத்தப்பவே எனக்கு வெளங்கிப் போச்சு."

"அப்ப நீங்க ஏன் சொல்லல?"

"சொன்னா எனக்கு வேலை திரும்ப வருமுங்களா? ரெண்டு பேருமா வெளிய நின்னு என்ன பண்றது? அவ மக நர்சிங் படிச்சு முடிக்கோணுமல்லங்க." பிறகு என் தலையில் கை வைத்துச் சொன்னார், "எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. நீங்களுஞ் சொல்லிறாதீங்க."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே சாலம்மாள் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு, நேராக நின்றிருந்தார்.

"வலி போயிருமுங்களா சாமி?" என்று பெருமாயி கேட்டார்.

"போயிரும்மா," என்றேன். அவர் பாதத்தை நுரைக்குள் மெல்ல அமுக்கினேன்.